மூன்று புள்ளிக்கு அப்புறம்

எங்கள் அலுவலகத்தில் என் பெயர் நொட்டை. நொட்டை சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே. யாராவது ஒரு மென்பொருளை எழுதி முடித்து, இதோ பார் என்று பெருமையாக நீட்டினால், அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து அவர்கள் முகத்தை வாட வைப்பது என் வேலை. பதினாறு வருடமாக இதைச் செய்து செய்து வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டேன் என்கிறார் என் வீட்டுக்காரர். போகட்டும், இது என் கதை இல்லை. பிக்சலின் கதை. இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. அது நல்ல பங்கு இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் திரையில் தெரிவதெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அந்த ஒரு புள்ளிக்குத்தான் பிக்சல் என்று பெயர். ஒரு பட்டன் ஒரே ஒரு புள்ளி அளவு இடது பக்கம் நகர்ந்திருந்தாலும் எங்கள் அலுவலகத்தை நடத்துகிறவளுக்குத் தெரிந்துவிடும், அதனால் அவளுக்கும் அந்தப் பெயர். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போதே, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், "அது சாஞ்சிருக்கு" என்பாள். அளந்து பார்த்தால் சாய்ந்துதான் இருக்கும். ஹோட்டலில் மெனு அட்டையைக் கொடுத்தால் என்ன சாப்பிடலாம் என்று பார்க்க மாட்டாள். ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவில் இடம் ஜாஸ்தி என்பாள். பசியோடு எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நேரம் கிடைக்கல" என்பாள், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டது போல. பெரிய கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் எழுந்து வந்து சொந்தமாக ஒரு கருவி செய்ய ஆரம்பித்தாள். பல் டாக்டரின் கிளினிக்குக்குக் கீழே ஒரே ஒரு அறை. மூன்று மேஜை, ஒரு ஜன்னல், தண்ணீர் கேன். மேலே டாக்டர் யாருக்காவது பல்லைக் குடையும்போதெல்லாம் எங்கள் உச்சந்தலையில் கிர்ரென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் ஆறு வருடமாக வேலை பார்க்கிறோம். நான், பிக்சல், வட்டம். வட்டம் எங்கள் டிசைனர். எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் நாலு மூலையையும் உருட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

எங்கள் கருவியின் பெயர் சட்டம். படத்துக்கு மாட்டுகிற சட்டம் என்று நினைத்து வைத்த பெயர். விவாகரத்துக்கு ஆலோசனை கேட்டு இதுவரை இரண்டு பேர் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். அது என்ன செய்யும் என்றால், திரை எப்படி இருக்க வேண்டும் என்று டிசைனர் வரைவார்; அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் நிரலாக எழுதி இயங்க வைப்பவர் ப்ரோகிராமர். இவர் வரைந்தது ஒன்றாகவும் அவர் செய்தது வேறொன்றாகவும் இருக்கும். பிறகு சண்டை. சட்டம் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும். பட்டன், பெட்டி, பட்டியல் எல்லாம் அதில் தயாராக இருக்கும். டிசைனர் எடுத்து அடுக்கினால் ப்ரோகிராமருக்கு நிரல் வந்துவிடும். சண்டைக்கு வேலை இல்லை. அவர்கள் சண்டை போடாமல் இருக்க நாங்கள் மூன்று பேர் உள்ளே உட்கார்ந்து நாள் முழுக்கச் சண்டை போடுவோம்.

அப்படி ஒரு சண்டை மூன்று புள்ளிக்காக வந்தது. ஒரு வரி பெட்டிக்குள் அடங்கவில்லையென்றால், அடங்குகிற வரைக்கும் காட்டிவிட்டுக் கடைசியில் மூன்று புள்ளி வைப்பது வழக்கம். எல்லாக் கருவியும் செய்வதுதான். பிக்சல் அதோடு விடவில்லை. அந்தப் புள்ளிகள் மேல் விரலை வைத்தால் முழு வரியும் விரிந்து தெரிய வேண்டும் என்றாள். அதற்காக மூன்று வாரம் செலவு செய்தாள்.

"யாருடி அதைப் போய்த் தொடப் போறா?" என்று கத்தினேன். "மூணு வாரம் போச்சு."

"பாதி வரியைப் படிச்சுட்டு யாரும் ஒரு முடிவுக்கு வந்துடக் கூடாது நொட்டை," என்றாள். "தொடறவங்க தொடட்டும்."

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். நானும் சரி தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிக்சலுக்கு ஒரு தங்கை உண்டு. சின்னவள் என்றுதான் எப்போதும் சொல்வாள். ஆறு வயது இளையவள், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வரவேற்பு கவுண்டரில் வேலை. மூன்று வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவர்கள் அம்மா இறந்த அன்று எங்களுக்கு இரண்டாம் பதிப்பு ரிலீஸ். ரிலீஸ் என்றால் பிக்சல் போனை மேஜை டிராயருக்குள் போட்டு மூடிவிடுவாள். மாலையில் டிராயரைத் திறந்தபோது சின்னவளிடமிருந்து பதினோரு அழைப்புகள். ஓடினாள். நானும் கூட ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து அக்காவைப் பார்த்து, "உனக்கு உன் ரிலீஸ்தானே பெருசு? போ, போய் அதையே பாரு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

அம்மாவின் இரும்புப் பெட்டி பிக்சல் வீட்டில் இருந்தது. அதன் சாவி சின்னவளிடம் இருந்தது. பெட்டி இங்கே, சாவி அங்கே என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. பூட்டை உடைத்துவிடேன் என்று நான் ஒரு தரம் சொன்னதற்கு, பிக்சல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். சின்னவளின் ஆஸ்பத்திரிக்குத் திரை செய்து கொடுத்த ப்ரோகிராமர் எங்கள் சட்டத்தைத்தான் பயன்படுத்தினார். கவுண்டரில் இருப்பவர்கள் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறார்கள், 'அடுத்தவர்' என்கிற பட்டன் சரியாக அமுங்குவதில்லை என்று அவர் ஒரு தரம் எழுதினார். பிக்சல் அன்றே அந்தப் பட்டனைப் பெரிதாக்கி அனுப்பினாள். "சின்னது ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது அதைத் தொடுவா" என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மூன்றாம் பதிப்பு ரிலீஸுக்கு ஒரு வாரம் இருந்தபோது சின்னவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வரேன். சாவி கொண்டு வரேன்.' அவ்வளவுதான். பிக்சல் அதை எனக்குக் காட்டினாள், வட்டத்துக்குக் காட்டினாள், தண்ணீர் கேன் போட வந்தவரிடமும் காட்டியிருப்பாள், நான்தான் போனைப் பிடுங்கி வைத்தேன். பதில் எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். எழுதியது ஒரே வார்த்தை, 'வா.'

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரிலீஸ் பயம் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை பயம் ஒரு பக்கம். நல்லது நடக்கப் போகிறது என்றால் சில பேருக்குத்தான் அப்படிப் பயம் வரும்.

மூன்றாம் பதிப்பில் புதிதாக ஒன்று வைத்திருந்தோம். மாதிரி வரிகள். டிசைனர் ஒரு திரையை அடுக்கும்போது பெட்டிகள் காலியாக இருக்கும் அல்லவா? 'இங்கே எழுத்து வரும்' என்று சும்மா போட்டு வைத்தால் எப்படித் தெரியும் என்று கணிக்க முடியாது. கொம்பும் சுழியும் காலும் உள்ள நிஜமான வரிகள் வேண்டும், மனுஷர் பேசுகிற நீளத்தில் வேண்டும் என்று வட்டம் நச்சரித்தான். பிக்சல் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பதினோரு வரி அடித்தாள். மழை, பஸ், தொலைந்துபோன குடை, இந்த மாதிரி. பெட்டி காலியாக இருந்தால் சட்டம் அதில் ஒரு வரியை எடுத்துப் போட்டுக் காட்டும். டிசைனர் வேலை பார்க்கிற வரைக்கும்தான். திரை வெளியே போவதற்கு முன் ப்ரோகிராமர் அதை அணைத்துவிட வேண்டும். அணைத்துவிடவும் என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தோம். யார் படிக்கிறார்கள்?

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ரிலீஸ். பிக்சலின் போன் டிராயருக்குள் போகவில்லை. மூன்று வருடமாகவே போவதில்லை. மேஜை மேல் நேராக, ஓரத்துக்கு இணையாக வைத்திருந்தாள். பட்டனை அழுத்தினாள். மேலே டாக்டர் கிர்ரென்று ஆரம்பித்தார். சட்டம் வெளியே போனது. உள்ளே இருக்கும் வரைதான் நம் சொத்து. வெளியே போனால் ஆயிரக்கணக்கான பேர் இறக்கிக்கொள்வார்கள், திரும்பக் கொடு என்று யாரிடமும் கேட்க முடியாது. அன்று முழுக்க ஒரு குறையும் வரவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டே கால் மணிக்கு ஆஸ்பத்திரி ப்ரோகிராமரிடமிருந்து ஒரு மெயில். 'மேடம், மாதிரி வரிகளை அணைக்க மறந்துவிட்டேன். காலை எட்டு மணியிலிருந்து எல்லாக் கவுண்டரிலும் ஓடியிருக்கிறது. இப்போது அணைத்துவிட்டேன். மன்னிக்கவும். பி.கு: இந்த வரி மட்டும் மனதைத் தொட்டது!' கூடவே ஒரு போட்டோ. கவுண்டர் திரை. நோயாளியின் குறிப்பு வர வேண்டிய பெட்டியில் இப்படி இருந்தது:

அன்னிக்கு நான் போன் எடுக்காதது தப்புதான்…

நான் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஏனென்றால் எனக்கு அந்த வரி தெரியும். செவ்வாய்க்கிழமை சோதனை செய்யும்போதே பார்த்திருந்தேன். நல்லா இருக்கே, அக்கா தங்கைக்குள்ள சமாதானம் பண்ணிக்கறா போல என்று வட்டத்திடம் சொல்லக்கூடச் செய்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால் பிக்சல் முகத்தில் ஈயாடவில்லை.

"அது எப்படி உள்ள போச்சு?" என்றாள்.

"எது?"

"அந்த வரி. பதினோரு வரிதானே?"

"பன்னண்டு இருந்துச்சே."

"பதினொண்ணு நொட்டை. நான் எழுதி வச்சது பதினொண்ணு."

விஷயம் இதுதான். பிக்சல் இரண்டு ஃபைல் வைத்திருந்தாள். ஒன்றின் பெயர் 'மாதிரி', அதில் பதினோரு வரி. இன்னொன்று அவள் மட்டும் தன் மெஷினில் நீள வரியைச் சோதிக்க வைத்தது. அதற்குப் பெயர் 'மாதிரி_சொந்தம்'. அதில் ஒரே ஒரு வரி. ரிலீஸுக்கு மூட்டை கட்டுகிற கட்டளையையும் அவளேதான் எழுதினாள்: மாதிரி என்று தொடங்குகிற எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வா. அது பாட்டுக்குச் சொன்னதைச் செய்தது. அரை புள்ளி நகர்ந்தால் கண்டுபிடிக்கிறவளுக்கு, இரண்டு ஃபைலின் பெயரும் ஒரே வார்த்தையில் தொடங்குவது கண்ணில் படவில்லை.

"சரி, போனா போகட்டும்," என்றேன். "தப்புதான்னு தானே எழுதியிருக்க? சின்னவ பாத்தாலும் நல்லதுதான். நேர்ல சொல்ல வாய் வராததை அது சொல்லிடுச்சு."

"நீ முழுசா படிச்சியா?"

"படிச்சேனே."

"மூணு புள்ளிக்கு அப்புறம் படிச்சியா?"

நான் படிக்கவில்லை. என் பட்டியலில், எல்லா வரியையும் தொட்டுப் பார்க்கவும் என்று இருந்தது. நான் முதல் மூன்றைத் தொட்டேன், ஒழுங்காக விரிந்தது, மற்றதும் விரியாமல் எங்கே போகும் என்று பன்னிரண்டுக்கும் டிக் போட்டேன். இருக்க வேண்டியது பதினொன்றா பன்னிரண்டா என்று கேட்கவும் இல்லை. ஊரார் குறையெல்லாம் தேடுகிற மகராசி, என் வேலையில் இந்த லட்சணம்.

பிக்சல் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். முழு வரி இது:

அன்னிக்கு நான் போன் எடுக்காதது தப்புதான், ஆனா நீயும் அம்மாவை அவ்வளவு நேரம் வீட்டுலயே வச்சிருந்திருக்கக் கூடாது.

மேலே டாக்டர் பல்லைக் குடைவதை நிறுத்தியிருந்தார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். சின்னவளோடு இருந்த அம்மா காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். சின்னவள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது மத்தியானத்துக்கு மேல். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறவள். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஒரு டாக்டர் பிக்சலிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அதை அவள் சின்னவளிடம் கேட்கவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. மூன்று வருடம் திட்டு வாங்கிக்கொண்டு உள்ளேயே வைத்திருந்தாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றாள். "எங்கயாவது ஒரு இடத்துல எழுதினா போதும் போல இருந்துச்சு. என் மெஷின்லதானே இருக்குன்னு அடிச்சேன். சத்தியமா அவ்வளவுதான் நொட்டை."

"அவ தொட்டிருக்க மாட்டா," என்றேன். "யாருடி தொடறா?" நான் அன்று கத்திய அதே வார்த்தை. இப்போது கெஞ்சுவது போல வந்தது.

அந்த வரியை எடுத்துவிட்டு, மூட்டை கட்டுகிற கட்டளையைத் திருத்தி, நான்கு மணிக்குள் புதுப் பதிப்பை வெளியே விட்டோம். பிக்சல் ஒரு வார்த்தையை மூன்று முறை தப்பாக அடித்தாள். எல்லோரும் உடனே இறக்கிக்கொள்ளவும் என்று அறிவிப்பு போட்டாள். என்ன போட்டு என்ன? சின்னவள் பார்த்திருந்தால் காலையிலேயே பார்த்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம். எந்த வரியை எத்தனை முறை விரித்துப் பார்த்தார்கள் என்று சட்டம் கணக்கு வைக்கும். யார் என்று எழுதாது, எண்ணிக்கையும் நேரமும் மட்டும் எழுதும். ஆஸ்பத்திரி ப்ரோகிராமரிடம் கேட்டு வாங்கினேன். யாரும் தொடவில்லை என்று காட்டினால் இவள் நிம்மதியாக இரண்டு வாய் சாப்பிடுவாள் என்ற நினைப்பு.

பன்னிரண்டாவது வரி, ஒரு முறை. காலை ஒன்பது நாற்பத்து இரண்டு.

"ஒரு தடவைதானே," என்றேன். "எத்தனை கவுண்டர் இருக்கு அங்க?"

"ஆறு."

"அப்ப ஆறுல ஒண்ணு. யாராவது வெட்டியா இருந்தவங்க கை பட்டிருக்கும்."

பிக்சல் போனைத் திறந்து சின்னவளின் பெயரைப் பார்த்தாள். கடைசியாக வந்தது அதே செய்திதான், சாவி கொண்டு வரேன். வராவிட்டால் வரவில்லை என்றாவது எழுதுவாளா, அதுவும் மாட்டாளா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நீயே கூப்பிட்டுக் கேட்டுவிடு என்றால், "என்னன்னு கேக்கறது? படிச்சியான்னா? படிக்கலன்னா என்ன எழுதியிருந்தன்னு கேப்பாளே" என்றாள். அதுவும் நியாயம்தான். சனிக்கிழமை அவள் வீட்டைக் கழுவித் துடைத்து, பெட்டியை அறைக்கு நடுவில் இழுத்து வைத்து, கோணலாக இருக்கிறது என்று மறுபடி நகர்த்தி, எனக்கு ஒன்பது முறை போன் செய்தாள். ஒன்பதாவது முறை, "நீயும் வாயேன். தனியா இருந்தா நான் ஏதாவது உளறிடுவேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தவள் பத்தரைக்கும் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. படிக்கட்டில் யார் ஏறினாலும் பிக்சல் எழுந்து நின்றாள். மேல் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு ஏறினார், எழுந்து நின்றாள். பால்காரர், அதற்கும் நின்றாள். "உக்காருடி, எனக்குத் தலை சுத்துது" என்று அதட்டினேன். அந்த வரியை நான் தொட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது.

சின்னவள் இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. தோளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற அதே கறுப்புப் பை. உள்ளே வந்து, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பெட்டியைப் பார்த்தாள். அக்காவைப் பார்க்கவில்லை.

"பஸ் கிடைக்கலையா?" என்றாள் பிக்சல்.

"கிடைச்சுது. கீழ நின்னுட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரமா?"

"பத்து மணியிலேர்ந்து."

நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். டீ போடுகிறேன் என்று சொன்னேன். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை, சத்தத்தில் அவர்கள் பேசுவது கேட்காமல் போய்விடும் என்று. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

சின்னவளின் குரல். "எங்க ஆஸ்பத்திரி ஸ்கிரீன்ல ஒரு வரி வந்துச்சு."

"தெரியும்," என்றாள் பிக்சல். "தப்பு நடந்துடுச்சு. ரெண்டு ஃபைலும் ஒரே பேர்ல இருந்துச்சு. அன்னிக்கே எடுத்துட்டேன், நாலு மணிக்கே புதுசு விட்டுட்டோம், யாரும் இனிமே…" உளறினாள். உளறுவேன் என்று சொன்னாளே, அப்படியே.

"பக்கத்து கவுண்டர் பொண்ணு படிச்சுட்டு, யாரோ பாவம், அழகா மன்னிப்பு கேட்டிருக்காங்கன்னா. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு, நீதான்னு. மூணு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்குத்தானே உக்காந்திருந்தேன்? அப்படியே விட்டிருக்கலாம். மூணு புள்ளி இருந்துச்சு. தொட்டேன்."

முடிந்தது கதை, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அதுல ஒரு தப்பு இருக்குக்கா," என்றாள் சின்னவள்.

"தப்பா?"

"அவ்வளவு நேரம்னு போட்டிருந்த. அவ்வளவு நேரம்னா எவ்வளவு நேரம்? அஞ்சு மணி நேரம் இருபது நிமிஷம். எட்டு மணிக்கு விழுந்தாங்க. ஒண்ணும் இல்லடி, படுத்தா சரியாயிடும்னாங்க. நம்பினேன். ஆஸ்பத்திரியில உக்காந்து தினம் ஆயிரம் பேரைப் பாக்கறவ, நம்பினேன். ஒண்ணே கால் மணிக்குப் பேச்சு குழறுது. அதுக்கப்புறம்தான் உன்னைக் கூப்பிட ஆரம்பிச்சேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனே தவிர, கையிலே போனை வச்சுக்கிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோணல. நீ எடுத்தா நீ சொல்லுவேன்னு இருந்தேன். அஞ்சாவது தடவையும் நீ எடுக்கலன்னப்புறம்தான் ஆம்புலன்ஸ். அப்ப மணி ஒண்ணு இருபது."

பிக்சல் அழுகிறாள் என்று சத்தத்தில் தெரிந்தது. அம்மா செத்த அன்றுகூட அவள் சத்தம் போட்டு அழவில்லை.

"யாராவது ஒருத்தர் கேப்பாங்கன்னு பாத்தேன்," என்றாள் சின்னவள். "சொந்தக்காரங்க யாரும் கேக்கல. நீயும் கேக்கல. எல்லாரும் உன்னைத்தான் திட்டினாங்க, நானும் அவங்களோட சேந்துக்கிட்டேன். சேந்துக்கறது சுலபமா இருந்துச்சு. உனக்குத் தெரியாதுன்னே நினைச்சுக்கிட்டிருந்தேன். தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்திருக்கியே, ஏன்க்கா?"

"சொன்னா உன்னால தாங்க முடியாதுன்னு…"

"நீயா முடிவு பண்ணிக்கிட்டா?"

பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். சின்னவள் சாவியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"வரேன்னு உனக்கு எழுதினப்ப, சாவியை உன் கையில குடுத்துட்டு அப்படியே திரும்பிடலாம்னுதான் இருந்தேன்," என்றாள். "வியாழக்கிழமை அதைத் தொட்டுப் பாத்தப்புறம்தான், உக்காந்து ரெண்டு பேரும் சேந்து திறக்கலாம்னு தோணுச்சு. ஆனா கீழ வந்ததும் கால் ஏறல."

பிக்சல் தரையில் உட்கார்ந்தாள். சின்னவளும் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவி துருப்பிடித்திருந்தது, முதல் திருப்பலில் மாட்டிக்கொண்டது. சின்னவள் திருப்ப, பிக்சல் பூட்டை அமுக்கிப் பிடித்தாள்.

"நொட்டை," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூப்பிட்டாள் பிக்சல், "கொஞ்சம் எண்ணெய் எடுத்துட்டு வா. டீ போடலன்னு எங்களுக்குத் தெரியும்."